பெயர்த்துச் செல்லும் உரிமை: யாழ்ப்பாணத்து ஆவண வரலாற்றினூடாக ஒரு நோக்கு

1

தோம்பு என்னுஞ் சொல் யாழ்ப்பாணத்திற் பழைய காணி உறுதிகளைக் கையாண்டோருக்குப் பழக்கமானது. தரவு என்னுஞ் சொல் இன்று கைத்தொலைபேசி வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் பழக்கமாகிவிட்டது. முன்னையது அந்நிய ஆட்சியாளர் குடிகளின் காணியையும் தலையையும் எண்ணி எழுதிய பேரேட்டைக் குறித்தது. பின்னையது இணையச் சேவை நிறுவனங்கள் தம்மைப் பயன்படுத்துவோரைப் பற்றித் திரட்டி வைத்திருக்கும் பதிவுகளைக் குறிக்கின்றது. காலத்தாலும் கருவியாலும் வேறுபட்ட இவ்விரண்டும் ஒரே வினாவை எழுப்புகின்றன. ஒருவரைப் பற்றிய பதிவு யார் கையில் இருக்கின்றது? அவர் இடம்பெயரும்போது அது அவருடன் செல்லுமா?

2016ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம் நிறைவேற்றி, 2018ஆம் ஆண்டு மே 25ஆந் திகதி முதல் நடைமுறைப்படுத்திய பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதியின் 20ஆவது உறுப்புரை இவ்வினாவுக்குச் சட்ட வடிவம் கொடுத்தது. ஒருவர் ஒரு சேவைக்குத் தாம் வழங்கிய தரவுகளை, பரவலாக வழங்கும் ஒழுங்கமைந்த வடிவிலே, இயந்திரம் வாசிக்கக்கூடியதாகத் திரும்பப் பெறலாம். அவற்றைத் தடையின்றி வேறொரு சேவைக்குக் கொண்டு செல்லலாம் என்பதே அவ்வுறுப்புரையின் சாரம். இதனைத் தரவு பெயர்த்துச் செல்லும் உரிமை எனத் தமிழிற் கூறலாம்.

இவ்வுரிமை கணினி யுகத்தின் புத்தாக்கம் என்றே பலராலும் கருதப்படுகின்றது. சட்டச் சொற்றொடரைப் பொறுத்தவரை அது சரியே. எனினும் அச்சொற்றொடர் தீர்க்க முனையும் முரண்பாடு பழையது. பதிவைத் தோற்றுவிப்பவர் ஒருவராகவும் அதனை வைத்திருப்பவர் வேறொருவராகவும் இருக்கும் சமூகங்கள் அனைத்திலும் அது காணப்படும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் ஆவண வரலாற்றை நோக்குமிடத்து, பெயர்த்துச் செல்லுதல் நடைமுறையிற் கைகூடுவதற்கு மூன்று நிபந்தனைகள் ஒருங்கே நிறைவேற வேண்டியிருந்தமை தெளிவாகும். பதிவின் ஒரு படி உரியவர் கையில் இருத்தல் வேண்டும். அதன் வடிவம் பலருக்கும் பொதுவானதாய் இருத்தல் வேண்டும். அதனை ஏற்றுக்கொள்ளும் வேறோரிடம் இருத்தல் வேண்டும். இவற்றில் ஒன்று குறையினும் உரிமை பெயரளவிலேயே நின்றுவிடும். இதனை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

யாழ்ப்பாண இராச்சியம் 1619இற் போர்த்துக்கேயர் வசமாயிற்று; 1658இல் ஒல்லாந்தரும் 1795இல் ஆங்கிலேயரும் குடாநாட்டைக் கைப்பற்றினர். தோம்பு முறையைப் போர்த்துக்கேயர் அறிமுகப்படுத்த, ஒல்லாந்தர் அதனை விரித்தனர். காணியும் அதன் உடைமையாளரும் காணித் தோம்பிற் பதியப்பட்டன. குடிகள் தலைத் தோம்பில் எண்ணப்பட்டனர். தேவாலயங்களைச் சார்ந்த பாடசாலைத் தோம்புகள் ஞானஸ்நானத்தையும் விவாகத்தையும் பதிந்தன. இவற்றின் அடிப்படை நோக்கம் வரியும் ஊழியமும் ஆகும். குடியானவன் தன்னைப் பற்றிய செய்தியைக் கொடுத்தான். அதனைக் கொண்டு அவனிடமிருந்து எவ்வளவு பெறலாம் என ஆட்சி கணித்தது.

எனினும் தோம்புக்கு இன்னொரு முகமும் உண்டு. காணிப் பிணக்குகளிலும் மரபுரிமை வழக்குகளிலும் அதுவே சான்றாயிற்று. தன்னைச் சுரண்டுவதற்காக எழுதப்பட்ட ஏட்டையே தன் உரிமைக்கு ஆதாரமாகக் காட்டவேண்டிய நிலை குடியானவனுக்கு ஏற்பட்டது. பதிவுகள் பற்றிய எந்த ஆராய்ச்சியிலும் இவ்விரட்டைத் தன்மையை மறத்தல் ஆகாது.

1707இல் தொகுக்கப்பட்ட தேசவழமையும் இத்தொடரில் வைத்து நோக்கத்தக்கது. ஆள்பதி கோர்னேலிஸ் யோவான் சீமோன்ஸின் பணிப்பின் பேரில், நெடுங்காலம் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்த திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் அதனை ஒல்லாந்த மொழியில் எழுதினார். தமிழாக்கம் பன்னிரண்டு முதலிமாரிடம் காட்டப்பட்டு அவர்களது ஒப்புதல் பெறப்பட்டது. 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணத்தின் மூலம் ஆங்கிலேயர் அதற்குச் சட்டவலுவளித்தனர். வழக்கிலே நெகிழ்ந்து நின்ற மரபு, எழுத்திலே உறைந்த சட்டமாயிற்று.

சரிபார்த்தவர் யாவர் என்னும் வினாவே இங்கு முதன்மையானது. முதலிமார் நிலவுடைமை வர்க்கத்தின் பிரதிநிதிகள். அந்நூல் கோவியர், சாண்டார், பள்ளர், நளவர் ஆகியோரை அடிமைகளாகக் குறிக்கின்றது. ஆயின் அவர்களுள் எவரும் அதனைச் சரிபார்க்க அழைக்கப்படவில்லை. இலங்கையில் அடிமைமுறை சட்டரீதியாக முற்றாக ஒழிக்கப்பட்ட 1844ஆம் ஆண்டுவரை, அம்மக்களைப் பொறுத்தவரையிற் பதிவு என்பது பிறர் அவர்கள்மீது கொண்ட உரித்தின் சான்றே. அவர்கள் தம் பதிவுடன் ஓரிடம் விட்டு ஓரிடம் செல்லவில்லை. பதிவே அவர்களை ஓரிடத்திற் கட்டி வைத்தது. தரவுரிமை பற்றிப் பேசுவோர் ‘பயன்படுத்துவோர்’ என்ற ஒற்றைச் சொல்லில் எல்லோரையும் அடக்குவதுண்டு. அச்சொல்லுக்குள்ளும் வர்க்கமும் சாதியும் உண்டு என்பதை இவ்வரலாறு உணர்த்தும்.

3

முதல் நிபந்தனை, அதாவது உரியவர் கையில் ஒரு படி இருத்தல், குடாநாட்டில் நொத்தாரிசு உறுதியின் வாயிலாகவே பரவலாக நிறைவேறத் தொடங்கியது. காணி கைமாற்றம் நொத்தாரிசு முன்னிலையில் எழுத்தில் நிகழ்தல் வேண்டுமென 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் விதித்தது. பின்னர் 1907ஆம் ஆண்டின் நொத்தாரிசுக் கட்டளைச் சட்டத்தின் கீழ், உறுதியின் மூலம் உரியவரிடமும், இரட்டைப் பிரதி காணிப் பதிவகத்திலும், இன்னொரு படி நொத்தாரிசின் கோவையிலும் இருக்கும் நடைமுறை நிலைபெற்றது. மூன்று கைகளில் மூன்று படிகள். ஒருவர் மற்றவரை முற்றாக ஏமாற்ற இயலாத ஏற்பாடு. வாங்குபவரும் விற்பவரும் எழுதுபவரும் ஒருவரையொருவர் நம்பாத சந்தை உறவிலிருந்தே இவ்வேற்பாடு பிறந்தது. காணியைச் சரக்காக்கிய அதே பொருளாதாரம், காணி பற்றிய சான்றை உரியவரின் பெட்டகத்துக்குக் கொண்டுவந்தது.

இவ்வேற்பாட்டின் பெறுமதி 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி வெளிப்பட்டது. அன்று வலிகாமம் பகுதியிலிருந்து இலட்சக்கணக்கான மக்கள் ஓரிரவிலே தென்மராட்சி நோக்கி வெளியேறினர். வலிகாமம் வடக்கின் மக்கள் 1990ஆம் ஆண்டிலேயே இடம்பெயர்க்கப்பட்டிருந்தனர். இத்தகைய வெளியேற்றத்தில் மனிதர் சுமந்து செல்லக்கூடியது சிறிதே. அச்சிறிதினுள் காணி உறுதியும், பிறப்புச் சான்றிதழும், அடையாள அட்டையும், பரீட்சைப் பெறுபேறும் இடம்பெற்றன. வீட்டையும் கிணற்றையும் பெயர்த்துச் செல்ல இயலாது. அவை தமக்குரியவை என்னும் சான்றைப் பெயர்த்துச் செல்லலாம். பின்னாளிற் காணிகள் படிப்படியாக விடுவிக்கப்பட்டபோது அச்சான்றே தேவைப்பட்டது. உறுதியை இழந்தோர் காணிப் பதிவகத்தின் பிரதியையோ நொத்தாரிசின் படியையோ நாட வேண்டியிருந்தது. உறுதியே இன்றி மரபுவழி ஆட்சியில் இருந்தோரும், பிறர் காணியிற் குடியிருந்த நிலமற்றோரும் நாடுவதற்கு எந்தப் பேரேடும் இருக்கவில்லை. படி உடையவருக்கே பெயர்வு. படியில்லாதார் வெறுங்கையுடனேயே பெயர்ந்தனர்.

4

இரண்டாவது நிபந்தனையாகிய பொது வடிவத்தின் வரலாற்றை, தமிழிலக்கிய மாணவர் நன்கறிந்த பதிப்பு வரலாற்றினின்றும் தொடங்கலாம். ஏட்டுச்சுவடி குடும்பத்தின் அல்லது மடத்தின் உடைமையாகவே இருந்தது. அதனைப் படியெடுக்க உடைமையாளரின் இசைவும் எழுதுவோனின் உழைப்பும் வேண்டும். 1849இல் ஆறுமுக நாவலர் சென்னை சென்று அச்சுப்பொறி பெற்று வந்தமையும், சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை வீரசோழியம் (1881), தொல்காப்பியப் பொருளதிகாரம் (1885), கலித்தொகை (1887) ஆகியவற்றை அச்சேற்றியமையும், ஒரு கையிற் சிறைப்பட்டிருந்த பிரதியைப் பல கைகளுக்குப் பெயர்த்த செயல்களாகும். அச்செழுத்து ஒரு பொது வடிவம். சென்னையில் அச்சான நூலை வண்ணார்பண்ணையிலும் சிங்கப்பூரிலும் ஒரேவிதமாக வாசிக்கலாம். அச்சிட்டதை வாசிக்கும் கல்வி யாருக்குக் கிடைத்தது என்னும் வினா இங்கும் எஞ்சி நிற்கின்றதாயினும், வடிவம் பொதுவாயிற்று என்பதை மறுக்கவியலாது.

இதற்கு நேர்மாறான வரலாறு, நூறாண்டின் பின் தமிழ் கணினியேறியபோது நிகழ்ந்தது. இலத்தீன் எழுத்துகளுக்கெனப் பொதுக் குறியீட்டு எண்கள் ஏற்கெனவே வழக்கில் இருந்தன. தமிழுக்கு அத்தகைய பொது ஏற்பாடு நடைமுறையில் இல்லாத நிலையில், எழுத்துரு செய்தோர் அவரவர் தாம் விரும்பிய இடங்களிலே தமிழெழுத்துகளை அமர்த்தினர். ஈழத்தவரிடையே பெருவழக்குப் பெற்ற பாமினி எழுத்துரு இதற்குத் தக்க சான்று. தட்டச்சுப் பொறியின் விசைப்பலகையைத் தழுவியிருந்தமையால் அது பத்திரிகைகளிலும் அச்சகங்களிலும் எளிதிற் பரவியது. ஆயின் அதிற் தட்டப்பட்ட ‘அம்மா’ என்னும் சொல், கணினியின் உள்ளே ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் சேர்ந்த கோவையாகவே சேமிக்கப்பட்டது. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அது பொருளற்ற குறிகளாகத் தோன்றியது. எழுதியவரிடம் கோப்பு இருந்தது, எழுத்து இருக்கவில்லை.

இதன் விளைவு கவனத்திற்குரியது. ஒரு சஞ்சிகை தன் எழுத்துருவை மாற்றினால் அதன் பழைய இதழ்கள் வாசிக்கவியலாதன ஆயின. புலம்பெயர்ந்தோர் ஒவ்வொரு தளத்துக்கும் ஒவ்வோர் எழுத்துருவை இறக்கி நிறுவ வேண்டியிருந்தது. இக்குழப்பத்தைக் களையத் தமிழறிஞரும் கணினித் துறையினரும் கூட்டாக முயன்றனர். தன்னார்வலர் தகுதரமாகிய திஸ்கி உருவாயிற்று. 1999இற் சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டைத் தொடர்ந்து தமிழ்நாட்டு அரசு தாப், தாம் ஆகிய குறியீட்டு முறைகளை ஏற்றது. 1991இல் வெளிவந்த யுனிக்கோட் முறையிலேயே தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. ஆயினும் இயங்குதளங்கள் அதனைச் சரிவரத் தாங்கிய பின்னரே, 2000ஆம் ஆண்டுக்குப் பிற்பட்ட பத்தாண்டில், அது பொது வழக்காயிற்று.

பழைய கோப்புகளை யுனிக்கோட்டுக்கு மாற்றும் வேலை பதிப்பாசிரியரின் வேலையை ஒத்தது. பாமினியில் எகர, ஏகாரக் கொம்புகள் மெய்யெழுத்துக்கு முன்னே, கண்ணுக்குத் தோன்றும் ஒழுங்கிற் சேமிக்கப்படும். யுனிக்கோட்டில் அவை மெய்யெழுத்துக்குப் பின்னே, ஒலிக்கும் ஒழுங்கிற் சேமிக்கப்படும். மாற்றி நிரல் ஒவ்வொரு கொம்பையும் இடம்பெயர்த்து அமர்த்த வேண்டும். தவறின் புதிய பாடபேதம் தோன்றும். புள்ளியிடாத ஏட்டை வாசித்த தாமோதரம்பிள்ளையின் இடர்ப்பாடும், கொம்பு பிசகிய கோப்பைத் திருத்துபவரின் இடர்ப்பாடும் ஓரினத்தனவே. இரு காலத்திலும் அவ்வேலையைச் செய்தவர்கள் பெரும்பாலும் தம் செலவிலேயே செய்தனர் என்பதும் ஒப்புநோக்கத்தக்கது. 1998இற் தொடங்கிய மதுரைத் திட்டமும் 2005இற் தொடங்கிய நூலகத் திட்டமும் தன்னார்வ உழைப்பின் மீது எழுந்தவை.

நூலகத் திட்டத்தின் பின்னணியில் நாம் மறக்கவியலாதது 1981ஆம் ஆண்டு மே 31ஆந் திகதி இரவு தொடங்கி எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகம். ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. வேறிடத்திற் படி இருந்த நூல்களை மீளத் திரட்ட முடிந்தது, படியில்லாதவை மீளவில்லை. ஒரே காப்பகத்தில் மட்டும் இருக்கும் பதிவு, அக்காப்பகத்தின் விதிக்குக் கட்டுப்பட்டது.

5

இனி இன்றைய இணையச் சேவைகளுக்கு வருவோம். போரும் வறுமையும் யாழ்ப்பாணக் குடும்பங்களை ரொறன்ரோ, இலண்டன், பாரிஸ் எனச் சிதறடித்தன. ஒரு குடும்பத்தின் கலியாணமும் செத்தவீடும் ஊர்க்கோயில் திருவிழாவும் இன்று முகநூலிலும் வாட்ஸ்அப்பிலுமே கூடிக் காணப்படுகின்றன. ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் தம் அறிவித்தல்களையும் ஒளிப்படங்களையும் அங்கேயே வைத்திருக்கின்றன. இவை வாடகையற்ற வீடுகள் போலத் தோன்றினும், வீட்டின் சாவி நிறுவனத்திடமே உண்டு. ஜியோசிற்றீஸ் 2009இல், ஓர்குட் 2014இல், கூகுள் பிளஸ் 2019இல் மூடப்பட்டன. மூடும் முன் தம் பதிவுகளை எடுத்துக்கொள்ளுமாறு பயன்படுத்துவோர் கேட்கப்பட்டனர். அறிந்தோர் எடுத்தனர், அறியாதோரின் பதிவுகள் பெரும்பாலும் அழிந்தன.

முகநூல் 2010 முதலும், கூகுள் 2011 முதலும் தம் பயனர் பதிவுகளை மொத்தமாகத் தரவிறக்கும் வழியை அளித்து வருகின்றன. இது முதல் நிபந்தனையை ஓரளவு நிறைவேற்றுகின்றது. இரண்டாம் நிபந்தனையும் பகுதியளவில் நிறைவேறியிருக்கின்றது. மூன்றாவதிலேயே சிக்கல் உண்டு. தரவிறக்கிய பொதியில் ஒருவரின் ஒளிப்படங்களும் குறிப்புகளும் இருக்கும். அவருடைய சிற்றப்பாவும் அயலவரும் பள்ளித் தோழரும் அதில் இரார். உறவு முழுவதும் பழைய இடத்தில் இருக்க, தாம் மட்டும் வெளியேறுவதிற் பயனில்லை. வெளியேறும் கதவு திறந்திருந்தும் ஒருவரும் வெளியேறாமைக்கு இதுவே காரணம்.

கார்ல் மார்க்ஸ் 1867இல் வெளிவந்த மூலதனத்தின் முதற் தொகுதியிற் கூலியுழைப்பாளியை இரு பொருளிற் சுதந்திரமானவன் எனக் காட்டினார். தன் உழைப்புச் சக்தியை விற்கும் சுதந்திரம் அவனுக்குண்டு. உற்பத்திச் சாதனங்களினின்றும் அவன் ‘விடுபட்டவனாயும்’ இருக்கின்றான். தரவைப் பெயர்த்துச் செல்லும் உரிமைக்கும் இவ்விரட்டைத் தன்மை உண்டு. ஐரோப்பிய ஒழுங்குவிதி ஒருவர் வழங்கிய தரவுக்கே இவ்வுரிமையைத் தருகின்றது. அத்தரவிலிருந்து நிறுவனம் தானே உய்த்துணர்ந்து ஆக்கிய கணிப்புகள் இதனுள் அடங்கா. மூலப்பொருளின் படி உழைத்தவரிடம் மீள்கின்றது. அதிலிருந்து ஆக்கப்பட்டதும், ஆக்கும் பொறியும் நிறுவனத்திடம் நிற்கின்றன. விளம்பரத்துக்கு விற்கப்படுவது பெரிதும் அவ்வாறு ஆக்கப்பட்டதே.

இவ்விடத்தில் ஒரு மறுப்பையும் எதிர்கொள்ள வேண்டும். எளிதிற் பெயரும் தரவு எளிதிற் பிறர் கையிலும் சேரும் அல்லவா என வினவலாம். வடபகுதி மக்களுக்கு இது வெறுங் கற்பனை அன்று. போர்க்காலத்திலும் அதன் பின்னரும் வீட்டாரின் பெயர் விபரங்களும் ஒளிப்படங்களும் படையினராற் பதியப்பட்டன. 2011இல் யாழ்ப்பாணம், கிளிநொச்சி மாவட்டங்களில் நடந்த அத்தகைய பதிவுக்கு எதிராகத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் பாராளுமன்ற உறுப்பினர்கள் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்தனர். ஆகவே பெயர்வு யாருடைய விருப்பில் நிகழ்கின்றது என்பதே அடிப்படை. உரியவரின் விருப்பில் நிகழ்வது உரிமை. வைத்திருப்பவரின் விருப்பில் நிகழ்வது கண்காணிப்பு. அத்துடன், ஒரு மடலில் எழுதியவருக்கும் பெற்றவருக்கும் பங்குண்டு; ஒரு குழுப்படத்தில் அனைவருக்கும் பங்குண்டு. ஆதலின் தரவைத் தனியுடைமையாக மட்டும் கொண்டு இச்சிக்கலை முற்றாகத் தீர்க்கவியலாது. கூட்டாகத் தோன்றியதற்குக் கூட்டான காப்பும் வேண்டும்.

6

சட்ட நிலையை நோக்கின், 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், நிறைவேறிய வடிவில், தன்னைப் பற்றிய தரவை அறியவும் திருத்தவும் அழிக்கவும் இசைவை மீளப் பெறவும் இலங்கையருக்கு உரிமைகளை வகுத்தது. பெயர்த்துச் செல்லுதல் அவ்வுரிமைகளுள் ஒன்றாகச் சேர்க்கப்படவில்லை. இந்தியாவிலும் 2019ஆம் ஆண்டின் சட்டமூலத்தில் இடம்பெற்றிருந்த இவ்வுரிமை, 2023இல் நிறைவேறிய சட்டத்திற் காணப்படவில்லை. அறிதலும் திருத்துதலும் அழித்தலும் ஒருவரை அதே நிறுவனத்துடன் உறவில் வைத்திருப்பன அல்லது உறவைத் துண்டிப்பன. தன் உழைப்பின் பயனோடு வேறிடம் செல்லுதல் நிறுவனங்களின் சந்தை வலுவைத் தொடுவது. அது விடுபட்டமை தற்செயல் எனக் கொள்வதற்கில்லை.

ஆயினும் சட்டம் மட்டும் போதாது என்பதையே குடாநாட்டின் வரலாறு காட்டுகின்றது. உறுதியின் மூலம் கையில் இருந்தும், அதனை ஒப்பிட்டு நோக்கப் பதிவகத்திற் பிரதி இல்லாவிடில் வழக்காடுதல் அரிது. கோப்பு கையில் இருந்தும் பொது எழுத்துக்குறி இல்லாவிடில் வாசித்தல் இயலாது. எழுத்துக்குறி பொதுவாயிருந்தும் ஏற்கும் நூலகம் இல்லாவிடில் அது ஒருவரின் கணினியோடு அழியும். யுனிக்கோட் போன்ற பொது வடிவங்களையும், நூலகத் திட்டம் போன்ற பொதுக் காப்பகங்களையும், தன்னார்வலரின் தோளில் மட்டும் விடாது பல்கலைக்கழகங்களும் உள்ளூராட்சி மன்றங்களும் பொறுப்பேற்றல் வேண்டும்.

அதுவரை செய்யத்தக்கது ஒன்றுண்டு. ஊர்ச் சங்கமோ பாடசாலையோ கோயிற் சபையோ தன் பதிவுகளை ஓர் இணையச் சேவையில் ஏற்றுமுன், காணி வாங்குபவர் நொத்தாரிசிடம் கேட்பது போன்ற மூன்று வினாக்களைக் கேட்டுக்கொள்ளலாம். எங்களிடம் ஒரு படி இருக்குமா? அதனைப் பிற கருவிகள் வாசிக்குமா? நாளை இவ்விடம் மூடப்பட்டால் இதனை எங்கே வைப்போம்? 1981இலும் 1995இலும் இவ்வினாக்களுக்கு விடையின்றி இழந்தவற்றை இச்சமூகம் நன்கறியும். நம் காலத்துத் தோம்புகள் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் எழுதப்படுகின்றன. அவற்றின் ஒரு படியை நம் கைக்குக் கொண்டுவருதல், நம் முன்னோர் உறுதியைப் பெட்டகத்திற் பேணிய அதே செயலின் தொடர்ச்சியாகும்.